பூனை நக்கிய கடிகாரம்

எந்த மனிதனுக்கும் அவனவன் வீட்டு வாசனை மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதைத் தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவான். தன் வீட்டு வாசல்படி ஏறியதும் மூக்கு படுத்துத் தூங்கிவிடும். இது உலகத்துக்கே பொதுவான சமாசாரம்தான். ஆனால் இந்தத் தூங்குமூஞ்சி மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணப் பந்தியையே எழுந்திருக்கவிடாமல் உட்காரவைத்த பெருமை, எனக்குத் தெரிந்து, என் ஒருவனுக்குத்தான் உண்டு.

எழுபதுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் எனக்கு வேலை. முதலாளி காதர் பாய், ரேடியோ ரிப்பேரில் பேர் எடுத்தவர். டிஜிட்டல் கடிகாரம் என்ற அதிசயம் அப்போதுதான் நம் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முள் கிடையாது, டிக் டிக் கிடையாது, சிவப்பு வெளிச்சத்தில் எண்ணே எரியும். பாய் அதை முழுக் கடிகாரமாக விற்கமாட்டார். உதிரி உதிரியாக ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டு, நீங்களே பற்றவைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று தபாலில் அனுப்புவார். எலக்ட்ரானிக்ஸ் பித்துப் பிடித்த காலேஜ் பையன்களும், ரிட்டயர் ஆன வாத்தியார்களும் வாங்குவார்கள். ஐ.சி. சில்லு, டிரான்ஸ்பார்மர், எண் எரிகிற டிஸ்ப்ளே எல்லாம் மெட்ராஸிலிருந்து வரும். இவை அத்தனைக்கும் முன்னால் நிற்கிற முகப்புத் தகடு ஒன்றுதான் எங்கள் சொந்தத் தயாரிப்பு. பட்டறையில் அதற்குப் பேர் 'பேனல்'. பேனலுக்கு நான்.

"உள்ள இன்னா கீதுன்னு எவன்டா பாக்கறான்?" என்பார் பாய். "மூஞ்சி நல்லா இருந்தா வாங்குவான். மூஞ்சி உன் கைல கீது, ஏழுமல."

இப்படி ஒரு பொறுப்பை இருபத்திரண்டு வயசுக்காரனிடம் கொடுக்கக் கூடாது. (எனக்குக் கொடுத்திருக்கவே கூடாது.) எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, அடி வாங்கி ஓடிவராமல், பாஸ் ஆகி வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஐ.டி.ஐ. வேறு. அதனால் எதைச் செய்தாலும் பரீட்சை எழுதுவது மாதிரிதான் செய்வேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். சாவு வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

பேனல் என்பது லேசான வேலை இல்லை. அலுமினியத் தகட்டை அளவு வைத்து வெட்ட வேண்டும். எண் தெரிவதற்கு நடுவில் ஜன்னல் திறந்து, அரம் போட்டு, நாலு மூலையும் கூராக எடுக்க வேண்டும். அதன் பின்னால் சிவப்பு அக்ரிலிக் துண்டு உட்காரும். பிறகு எமரிக் காகிதத்தை, அதாவது உப்புத்தாளை வைத்து, இடமிருந்து வலமாக, ஒரே வாட்டத்தில் இழைத்துக்கொண்டே போனால் தகட்டின் மேல் மெல்லிய வரி வரியாகப் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். ஒரே ஒரு இழுப்பு குறுக்கே போய்விட்டால் போச்சு, பூனை பிராண்டின மூஞ்சி மாதிரி ஆகிவிடும். (பூனையை இங்கே சும்மாதான் சொன்னேன். அது பிறகு வருகிறது.)

நான் இழைத்த பேனலுக்கு எழுத்துப் போடுகிறவள் எஸ்தர்.

மதுராந்தகத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவாள். அப்பா தேவசகாயம் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கிற கேங்மேன். தாத்தா காலம் வரைக்கும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அந்த வீட்டிலிருந்து முதலில் படித்து வேலைக்கு வந்த பெண் அவள். பட்டுத்துணி கட்டிய சட்டத்தைப் பேனல் மேல் வைத்து, கறுப்பு மையை ரப்பர் கட்டையால் ஒரு இழு இழுப்பாள். சட்டத்தைத் தூக்கினால் எழுத்து நிற்கும். அரிசி அளவு எழுத்து, ஒன்றுகூடக் கசிந்திருக்காது. கட்டை விரலில் மட்டும் எப்போதும் கொஞ்சம் மை இருக்கும். அந்த மையை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதை இந்த வயதில் எழுதினால் நன்றாக இருக்காது.

பட்டறையில் எல்லோரையும் அவள் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். பற்றவைக்கிறவர் அண்ணா, பார்சல் கட்டுகிறவர் அண்ணா, டீ கொண்டுவருகிறவரும் அண்ணா. என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பாள், அவ்வளவுதான். அந்த 'இந்தாங்க' மேல் நான் மாடி வைத்து வீடு கட்டிக் குடிபோயிருந்தேன். தினமும் காலையில் அவள் வாயைத் திறக்கும்போது, இன்றைக்கு 'அண்ணா' வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'இந்தாங்க' வந்ததும் அன்றைக்குச் சோறு இறங்கும்.

என் டிசைன்கள் அந்தக் காலத்தில் எப்படி இருந்தன தெரியுமா? எழுத்தாக இருந்தன. பேனலில் எழுத்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு நேரம் அவள் என் மேஜைப் பக்கம் நிற்பாள். அதனால் மணி சரிசெய்யும் பட்டனுக்கு ஒரு வரி, நிமிஷத்துக்கு ஒரு வரி, எச்சரிக்கை ஒரு வரி, அலாரத்துக்கு இரண்டு வரி என்று வரைந்து தள்ளினேன்.

பாய் ஒரு நாள் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பேனலைப் பார்த்தார்.

"ஏண்டா, இந்த மாடல்ல அலாரமே கெடயாதேடா."

"பின்னாடி வெச்சாலும் வெப்போம் பாய், அதான் இடம் விட்டிருக்கேன்."

"நீ எதுக்கு எடம் வுட்டுகினு கீறன்னு எனக்குத் தெரியும்" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார். எஸ்தர் சட்டத்தைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. (மை துடைக்கிற தின்னர் வாடைக்கும் சிலருக்குக் காது சிவக்கும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அப்போது சொல்லவில்லை.)

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பம். நைனா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். பள்ளிக்கூடம் படிக்கிறபோது ஒரு நாள் பஸ்ஸில் புத்தகப் பையோடு ஏறினேன். கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "கூடைக்கு லக்கேஜ் எடு" என்றார். "கூடை இல்லீங்க" என்றேன். சீட்டுக்கடியில் குனிந்து தேடினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சோப்புப் பைத்தியம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதற்கு மேல் பவுடர். செங்கல்பட்டில் அறை எடுத்த பிறகு பேச்சையும் தேய்த்துக் கழுவிவிட்டேன். 'இன்னா' போய் 'என்ன' வந்தது, 'கீது' போய் 'இருக்கிறது' வந்தது. டீக்கடையில் நின்று ரேடியோ செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "ஒரு தேநீர் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறேன். ஊர் எது என்று கேட்டால் "மாமல்லபுரம் பக்கம்" என்பேன். கேட்டவர்கள் சிற்பி வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் கோடையில் எஸ்தருடைய அண்ணன் சாமுவேலுக்குக் கல்யாணம் வந்தது. கம்பெனி சார்பில் ஒரு கடிகாரம் பரிசு என்று பாய் முடிவு செய்தார். உதிரிப் பெட்டியாக இல்லை, பற்றவைத்து முடித்த முழுக் கடிகாரம். பெண், மாப்பிள்ளை பேர் போட்ட விசேஷப் பேனலோடு.

நான் இதை ஆண்டவன் எனக்கென்று அனுப்பிய பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். அவள் அப்பா, அவள் அண்ணன், மதுராந்தகத்து உறவு அத்தனை பேரும் என் பேனலைப் பார்க்கப் போகிறார்கள். பார்த்து, யார் செய்தது என்று கேட்கப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து அவளிடம் என் மனசைச் சொல்லிவிடுவது. நடுவில் தைரியம் போய்விடக் கூடாதே என்று முன்கூட்டியே ஒரு முடிச்சும் போட்டுவைத்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"இப்பவே சொல்லுங்களேன்."

"இல்ல. அன்னைக்குத்தான்."

"சரிங்க" என்று சிரிக்காமல் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ரயிலுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாள். அதை நான் கவனித்தேன்.

பேனல் தங்க நிறத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பித்தளை கனம் அதிகம். கடையில் கிடைத்த வார்னிஷ், கடல் காற்றுப் பட்டால் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். யோசித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். வீட்டு ஓரத்தில் நைனா படகுப் பலகைக்கு மீன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கடல் தண்ணீர் மரத்தைத் தின்னாமல் இருக்கப் பூசுவது. பூசிப் பூசி வெயிலில் காயவிட்ட பலகை, சாயங்கால வெளிச்சத்தில் தேன் நிறத்தில் மின்னியது.

என் ஐ.டி.ஐ. மூளைக்குள் விளக்கு எரிந்தது.

துடுப்பை இழைக்க வைத்திருந்த காய்ந்த சுறாத்தோல் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்துத் தகட்டை ஒரே வாட்டத்தில் இழைத்துப் பார்த்தேன். எமரியில் வராத பட்டு வரி வந்தது. மேலே மீன் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, வெயில், மறுபடி பூச்சு, மறுபடி வெயில். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலை. கடைசியில் அலுமினியம் அலுமினியமாகவே இல்லை. பழைய தங்க மோதிரத்தின் நிறம். கை வைத்தால் ரேகைகூடப் பதியவில்லை.

"சோக்கா கீதுடா" என்றார் நைனா. அம்மா முந்தானையால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தவர்கள்தான், குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பூனை மட்டும் அது காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதை நான் காவல் என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டறையிலும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தின்னர் நெடியும் பற்றவைக்கிற புகையும் சேர்ந்து அங்கே யார் மூக்கும் வேலை செய்யாது. எஸ்தர் பேனலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் அதில் மங்கலாக, தங்க நிறத்தில் தெரிந்தது.

"இத்த எப்படிச் செஞ்சீங்க?"

"அது ஒரு கெமிக்கல் பிராசஸ்" என்றேன்.

அவள் 'சாமுவேல் – கிரேஸ்' என்று எழுத்துப் போட்டாள். ஓரத்தில் அச்சில் இல்லாத ஒரு சின்னப் பூவைத் தூரிகையால் கையாலேயே வரைந்தாள். கீழே வலது மூலை. இன்றைக்குக் கேட்டாலும் அது எந்த இடத்தில் இருந்தது என்று ஸ்கேல் வைத்துக் காட்டுவேன்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். கடிகாரத்துக்கு உள்ளே கரண்டைச் சீராக்குகிற ஒரு சின்ன உறுப்பு உண்டு, அது சூடாகும். சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு உலோகத் துண்டோடு அதைத் திருகிவைப்பார்கள். தனியாக ஒரு துண்டு எதற்கு, பேனலே உலோகம்தானே என்று, அதைப் பேனலின் முதுகிலேயே திருகிவிட்டேன். கடிகாரம் ஓட ஓட முகப்பு முழுவதும் இதமாகச் சூடேறும். பாய்கூட முதுகில் தட்டி, "மூள கீதுடா உனக்கு" என்றார்.

கல்யாணம் மதுராந்தகத்துக் கிறிஸ்தவக் கோயிலில். சாப்பாடு பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில், தகரக் கூரை. பாய்க்கு வேறு வேலை இருந்ததால் கம்பெனி சார்பில் நான் மட்டும், கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். காலையில் சீக்கிரமே போய், மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காருகிற நாற்காலிகளுக்கு நடுவே மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கடிகாரத்தை வைத்து, பிளக்கைச் சொருகி, மணி சரி செய்தேன். சிவப்பு எண்கள் எரிந்தன. பிறகு அதைச் சூடேறவிட்டுவிட்டு நான் பாட்டுக்குக் கோயிலில் போய்ச் சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெபம் முடிந்து எல்லோரும் ஹாலுக்கு வந்தபோது கூரையிலும் வெயில், மேடையிலும் விளக்கு. பந்தி போட்டாயிற்று. மட்டன் பிரியாணி. பாதிரியார் மேடையில் நின்று தம்பதியை வாழ்த்திப் பேச ஆரம்பித்தவர், நடு வாக்கியத்தில் நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, மூச்சை இழுத்தார். பிறகு வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பந்திக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக மேடைப் பக்கம் திரும்பினார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கை உயர்த்தி. பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டினார்கள். நான் அதை வியப்பு என்று நினைத்தேன். (டிஜிட்டல் கடிகாரம் பார்த்திராத ஜனம் அல்லவா.) சட்டைக் காலரைக்கூட ஒரு தடவை சரி செய்துகொண்டேன்.

சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இலையையும் மூடவில்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

"மாமா, சாப்ட்டாச்சில்ல? எந்திரிங்க."

"இருடா. மீனு வருது."

"மீனா? யாரு சொன்னா?"

"மூக்கு எதுக்குடா வெச்சிகினு கீற? வறுக்கறானுங்க பாரு."

"ஏரி மீனா, கடல் மீனா?"

"கடல்தான். ஏரி மீனு வாசன இப்டி தூக்காது."

இந்தக் கடைசிக் கருத்தைச் சொன்ன பெரியவருக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன். மீன் சேதி வரிசை வரிசையாகப் போய், வாசலைத் தாண்டி, சமையல் பந்தலுக்கும் போய்ச் சேர்ந்தது. சமையல்காரர் கையில் அகப்பையோடு ஹாலுக்குள் வந்தார்.

"யாருபா என் பந்தில மீனு கேக்கறது? காலையிலேர்ந்து அடுப்புல வெந்துகினு கீறேன், பிரியாணிய பத்தி ஒருத்தன் நல்லதா ஒரு வார்த்த சொல்லல. இல்லாத மீனுக்கு எல விரிச்சிகினு கீறீங்க."

"மறைச்சி வெச்சிகினு பேசாத அண்ணாத்த. மாப்ள வூட்டுக்காரங்களுக்குத் தனியா போடறியா?"

"இன்னா பேஜாருபா இது" என்று அவர் அகப்பையைத் தோளில் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் பூனை வந்தது. கோயில் காம்பவுண்டுப் பூனை, சாம்பல் நிறம், முதுகில் கோடு. கூட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் நடு வழியாக நடந்து, மேடை ஏறி, மேஜைமேல் குதித்து, கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. மணி பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேனலை நக்க ஆரம்பித்தது. இடமிருந்து வலமாக, ஒரே வாட்டத்தில்.

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து பிளாஷ் அடித்தார்.

சாமுவேல் 'ச்சூ' என்று கையை ஆட்டினார். பூனை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தது. வாசல்படியில் இன்னொரு பூனை தெரிந்தது. எனக்கு எங்கள் வீட்டுப் பூனை காவல் இருந்தது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் அந்தக் கண்டக்டர் குனிந்து கூடையைத் தேடியதுதான் கண்முன் நின்றது. இத்தனை வருஷச் சோப்பு, இத்தனை வருஷப் பவுடர், எல்லாவற்றையும் மீறி எங்கள் குப்பம் மேடை ஏறி, பிளக் சொருகி, சிவப்பு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை ஏற்றிவைத்தவனும் நானே.

தேவசகாயம் மேடை ஏறினார். பேனலில் ஒரு விரலை இழுத்து மூக்கருகில் கொண்டுபோனார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். பக்கத்தில் எஸ்தரும் வந்து நின்றாள்.

"தம்பி, இது இன்னா?"

"இது ஒரு கெமிக்கல்..." என்று செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன். பூனை நக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அதற்கு மேல் அந்தக் குரல் வரவில்லை.

"மீனெண்ணங்க. படகுக்குப் பூசறது."

"உனுக்கு எந்த ஊருன்ன?"

"மாமல்லபுரம் பக்கம்."

"பக்கம்னா?"

"குப்பங்க. எங்க நைனா கடலுக்குப் போறாரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட போப்பா" என்றார். "இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? மட்டன் வெல கேட்டு மயக்கம் போட்டுகினு இருந்தேன். உங்க நைனாகிட்ட ரெண்டு கூடை வஞ்சிரம் சொல்லி இருப்பேனே."

பிறகு ஹாலைப் பார்த்துத் திரும்பி, தண்டவாளத்தில் ஆட்களை விலக்கக் கத்துகிற அதே குரலில் சொன்னார்: "மீனு கெடயாது, கடியாரந்தான். எந்திரிங்க எல்லாம்."

ஹாலுக்கு விஷயம் புரிந்ததும் தகரக் கூரை அதிர்ந்தது. சமையல்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவர் மானம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

எஸ்தர் பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கெமிக்கல் பிராசஸ்" என்று மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பட்டறையில் அத்தனை மாதம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கழுத்து வரைக்கும் சிரிப்பு. "இதான் உங்க வூட்டு வாசனையா?"

"ஆமா."

"நல்லாத்தான் கீது."

அந்த நிமிஷம் பேசியிருக்க வேண்டும். இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை யாரும் யாருக்கும் தட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. நான் செய்ததோ, கைகழுவுகிற இடத்துக்குப் போய், கையை முழங்கை வரைக்கும் மறுபடி மறுபடி தேய்த்துக் கழுவியது.

கிளம்பும்போது கோயில் கேட் வரைக்கும் வந்தாள். பாய்க்கென்று பிரியாணிப் பொட்டலம் கையில். அந்தச் சாம்பல் பூனையும் பின்னாலேயே வந்தது.

"இந்தாங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.

"ஏதோ சொல்லணும்னீங்களே."

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ரயிலில் வரும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன். என் கையிலிருந்து வாடை வருகிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்குத்தான் தெரியாதே, அவளுக்குத்தானே தெரியும். பொட்டலத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அந்தப் பேனலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிடுங்க" என்றேன். "பிளக்கைப் பிடுங்கிட்டு."

அவள் காத்திருந்தாள்.

"அவ்ளோதானா?"

"எழுத்து மேல அழுத்தித் தேய்க்காதீங்க. போயிடும்."

"சரிங்க" என்றாள். பிறகு திரும்பிப் போனாள். பூனையும் அவளோடு போய்விட்டது.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். நானும் வழக்கம்போலத் தகடு இழைத்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மழைக்காலம் வந்துவிட்டது. அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பட்டறையில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். "கண்டிப்பா வரணும் அண்ணா, கண்டிப்பா வரணும் அண்ணா." என் மேஜைக்கு வந்தாள். "கண்டிப்பா வாங்க" என்றாள். அப்போதும் சொல்லவில்லை அந்த வார்த்தையை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

போனேன். எவர்சில்வர் குடம் கொடுத்தேன். எந்தப் பூனையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் இடி விழுந்து கரண்ட் எகிறியதில் அந்தக் கடிகாரத்தின் ஐ.சி. போய்விட்டது. சாமுவேல் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்தேன். பேனல் அதே தங்க நிறம். எழுத்தில் மட்டும் பூனை நாக்கு பட்ட இடம் கொஞ்சம் மங்கியிருந்தது. மூலையில் பூ அப்படியே இருந்தது.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்லியிருந்தேனே."

"எஸ்தர்தான் வுடல" என்றார் அவர். "தொடச்சா நெறம் போயிடும், அப்டியே இருக்கட்டும்னுட்டா. கல்யாணமாயி போற வரைக்கும் அதும் மேல துணிகூட படவுடல. எங்களுக்கும் பழகிப்போச்சி."

ஐ.சி. மாற்றி ஓடவிட்டேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், சாயங்காலம் வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். அது பொய். வைத்த உடனேயே சரியாகத்தான் ஓடியது. பேனல் மெல்லச் சூடேறியது. கிட்டே போய் மூச்சை இழுத்தேன். செங்கல்பட்டுக்கு வந்து அத்தனை காலம் ஆகி என் மூக்கும் ஊர் மாறியிருந்தது போலிருக்கிறது. முதல் தடவையாக எனக்கு அந்த வாசனை தெரிந்தது. நல்லாத்தான் இருந்தது.

இதையெல்லாம் கல்யாணமான முதல் மாதமே என் மனைவி கௌரியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பெரிய யோக்கியன் என்று நினைப்பு. அவள் கோவளத்துப் பெண், மீனோடு பிறந்தவள். கோபப்படுவாள் என்று பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மண்ணெண்ணயா? பொம்பள கேட்டுகிட்டே வந்து நிக்குது, மண்ணெண்ணயா சொன்ன நீ?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரம் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது கொல்லைப்புறம் ஒரு பூனை வந்து நின்றது. "வாம்மா எஸ்தரு" என்றாள்.

அதோடு முடிந்தது. அந்தப் பூனை போய் அதன் குட்டி வந்தது, அதன் குட்டி வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பூனைகளுக்கெல்லாம் ஒரே பேர்தான். நடுவில் ஒன்று கடுவன், அதற்கும் அதே பேர். என் பிள்ளைகள் பூனைக்கு அதுதான் பேர் என்று நினைத்து வளர்ந்தார்கள். பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் எஸ்தர் என்று ஒரு டீச்சர் வந்தபோது வீட்டுக்கு வந்து கேட்டாளே ஒரு கேள்வி. அதை விடுங்கள். இப்போது பேரன்களுக்கும் கதை தெரியும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்துத் தயங்கினால் போதும், "மண்ணெண்ணெயா தாத்தா?" என்கிறார்கள்.

இன்றைக்கும் மத்தியானம் மீன் ஆய்கிற நேரத்தில் கௌரி கொல்லைக் கதவைத் திறந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எஸ்தரு... ஏ எஸ்தரு..." என்று கூப்பிடுகிறாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். தலை தானாக நிமிர்ந்து கதவைப் பார்க்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நிமிராமல் இருந்ததில்லை.

பூனைதான் வருகிறது.